பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு சஸ்பென்ஷன் புஷ் தேர்ந்தெடுத்தல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஏறத்தாழ பத்தாண்டு காலம் தயாரித்த சிறிய கார் ஆகும். இது 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி இதன் உடலமைப்பை வரைந்தார். இதே காரின் சேஸியைக் குறுக்கி, இதே சஸ்பென்ஷனைப் பொருத்தி 1962-இல் டிரையம்ஃப் நிறுவனம் கொண்டுவந்த இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். எனவே நம் ஊர் ஹெரால்டு, பார்வைக்குக் குடும்பக் கார் என்றாலும், அடியில் படுத்துப் பார்த்தால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன.

இன்று தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் அனைத்தும் 50 வயதைத் தாண்டியவை. எஞ்சினைச் சரிசெய்து, பெயிண்ட் அடித்து, இருக்கை தைத்து முடித்த பிறகும் பல கார்கள் சாலையில் நேராக ஓடுவதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று தட்டுகின்றன. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கைக்குள் அடங்கும் அளவிலான சில ரப்பர் துண்டுகள். அவற்றையே பட்டறைகளில் புஷ் என்கிறார்கள். எந்த இடத்திற்கு எந்தப் பொருளாலான புஷ்ஷைப் போட வேண்டும் என்பதையும், போடும்போது நேரும் தவறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புஷ் என்ன வேலை செய்கிறது?

மாட்டு வண்டியில் சக்கரம் அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்கும். வண்டியும் கூடவே குலுங்கும். காரில் சக்கரம் தனியாக ஏறி இறங்குவதற்காக அதை ஆர்ம் எனப்படும் இரும்புக் கைகளால் சேஸியோடு இணைக்கிறார்கள். கதவு கீலில் திரும்புவது போல அந்தக் கை சேஸியில் திரும்ப வேண்டும். அந்தக் கீலின் உள்ளே இருப்பதே புஷ்.

ஆனால் கதவுக் கீலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கீலில் இரும்பு இரும்போடு உரசி வழுக்குகிறது. ஹெரால்டின் முன் ஆர்மில் இருக்கும் புஷ்ஷில் எதுவும் வழுக்குவதில்லை. வெளியே ஓர் எஃகுக் குழல், உள்ளே ஒரு சிறிய எஃகுக் குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர். வெளிக்குழல் ஆர்மின் கண்ணில் அழுத்திப் பொருத்தப்படுகிறது. உள்குழல் போல்ட்டால் சேஸியின் தாங்கியோடு இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. சக்கரம் மேலே போகும்போது நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் திரும்பும்போது முறுக்கு அவிழ்கிறது. ஈரத் துணியைப் பிழிவது போன்ற அசைவு அது. உரசல் இல்லாததால் கிரீஸ் தேவையில்லை, தேய்மானமும் இல்லை. இவ்வகையை நம் மெக்கானிக்குகள் ‘சைலண்ட் பிளாக்’ என்பார்கள்.

இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. ஒரு புஷ் முறுக்கி வேலை செய்கிறதா, வழுக்கி வேலை செய்கிறதா என்பதே முதல் கேள்வி. கடினமானதா மென்மையானதா, விலை கூடியதா குறைந்ததா என்பவை அதற்குப் பிந்தியவை.

ஹெரால்டில் புஷ்கள் இருக்கும் இடங்கள்

முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். ஒவ்வோர் ஆர்மும் இரண்டு இடங்களில் சேஸியோடு இணைகிறது. ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு, காருக்கு எட்டு ரப்பர் புஷ்கள். மேல் ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயிண்ட் உள்ளது. கீழ் ஆர்மின் வெளிமுனையில் இருப்பது டிரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது இந்த வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு மரையிலேயே திரும்புகிறது. டிரன்னியனையும் கீழ் ஆர்மையும் இணைக்கும் குறுக்கு போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ்களும் எஃகு ஸ்லீவும் உள்ளன. இவை வழுக்கும் வகை.

பின்புறத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் காரின் குறுக்கே கிடக்கிறது. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியலின் தலையில் இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் உள்ள கண்களில் ரப்பர் புஷ். அதில் ஒரு செங்குத்து இணைப்பு தொங்குகிறது. இணைப்பின் அடிமுனையில், சக்கர ஹப்பைப் பிடிக்கும் இடத்தில், மீண்டும் நைலான் புஷ்கள். ஹப்பு முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இழுகம்பி ஒன்று முன்னோக்கி ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் புஷ். இவை தவிர ஷாக் அப்சார்பரின் கண்களிலும், ஸ்டியரிங் ரேக்கைச் சேஸியோடு பிடிக்கும் இடத்திலும் ரப்பர் உண்டு.

1970-களில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கேஸலை ஹெரால்டு என்றே நினைத்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கேஸலில் எஞ்சின் அதே 948 கன செ.மீ. கொண்டதுதான், பின் அச்சு மட்டும் வேறு. அதில் சக்கரங்களை இணைக்கும் அச்சு ஒரே திடத் தண்டாக இருக்கும். கேஸலின் பின்புறத்துக்கு ஹெரால்டு அல்லது ஸ்பிட்ஃபயர் புஷ் பொருந்தாது. ஆர்டர் கொடுக்கும் முன் காரின் அடியில் பார்ப்பது நல்லது.

ரப்பர், பாலியூரித்தேன், நைலான்

இயற்கை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் பல லட்சம் முறை முறுக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதிர்வை விழுங்கும். எல்லாத் திசையிலும் சற்று இணங்கிக் கொடுக்கும். அதற்கு மூன்று எதிரிகள்: வெப்பம், ஓசோன், எண்ணெய். காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரின் மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்கும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதைப் பருக்கச் செய்து வலுவிழக்க வைக்கும்.

மூன்றாவது எதிரியை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். காரைத் தண்ணீரில் கழுவிய பிறகு துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுவதும் பழைய எஞ்சின் ஆயிலையோ டீசல் கலந்த எண்ணெயையோ ஸ்பிரே அடிக்கும் வழக்கம் நம் ஊர் சர்வீஸ் நிலையங்களில் நெடுங்காலமாக உண்டு. சேஸிக்கு அது நன்மை செய்யலாம். புஷ்ஷுக்கு மெல்ல ஊட்டும் நஞ்சு. புது ரப்பர் புஷ் போட்ட காருக்கு இந்த ஸ்பிரே வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவசியம்.

பாலியூரித்தேன் 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய செயற்கைப் பொருள். எண்ணெய்க்கு அஞ்சாது, ரப்பரைவிடக் கடினமாக வார்க்கலாம். கடினத்தை ஷோர் ஏ என்ற அளவுகோலில் குறிப்பார்கள். கார் டயரின் மேற்பகுதி அதில் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். ரப்பர் புஷ்கள் சுமார் 50 முதல் 70 வரை. விற்பனைக்கு வரும் பாலியூரித்தேன் புஷ்கள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியும் அதற்கு மேலும். எண் கூடினால் ஆர்ம் பக்கவாட்டில் அசையும் அளவு குறையும், ஸ்டியரிங் கூர்மையாகும். சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியும் என்பது அதற்கான விலை.

விளம்பரங்கள் இதோடு நின்றுவிடும். அவை சொல்லாத முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் உள்குழலோடு ஒட்டப்படுவதில்லை. அது முறுக்குவதற்குப் பதில் குழலின் மேல் வழுக்குகிறது. ஆகவே அதற்கு அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் வேண்டும். தூசியும் நீரும் உள்ளே போனால் கிரீஸ் கழுவப்பட்டுக் கீச்சிடும். கவனிக்காமல் விட்டால் உள்குழல் தேயும். மேலும் பாலியூரித்தேனில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. பாலியெஸ்டர் வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல நீரால் சிதைந்து நொறுங்கும். பாலியீத்தர் வகை அதை நன்றாகத் தாங்கும். நம் நாட்டின் மழைக்கும் வெயிலுக்கும் பின்னதே ஏற்றது. விற்பவரிடம் இதைக் கேட்டால், அவருக்குப் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதும் விளங்கிவிடும்.

நைலானுக்கு நெகிழ்வு குறைவு, உராய்வும் குறைவு. வழுக்கும் இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

எந்த இடத்துக்கு எது?

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊரில் வைத்து ஓட்டப்படும் காரை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. சேலம் போக வேண்டுமானால் மஞ்சவாடிக் கணவாய் வளைவுகளைக் கடக்க வேண்டும். வாணியாறு அணைப் பக்கம் போனால் கிராமச் சாலையும் வேகத்தடைகளும். கோடையில் நல்ல வெயில், காற்றில் தூசி. ஹெரால்டுக்குரிய உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கூரியரில் வர வேண்டும். ஒரு முறை தவறாகத் தேர்ந்தெடுத்தால், காரைப் பிரித்துப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இப்படிப்பட்ட பயன்பாட்டில் முன் ஆர்ம்களின் எட்டு உள்புஷ்களுக்கும் ரப்பரே சிறந்தது. அங்கே தேவைப்படுவது முறுக்கு அசைவு. அதை ரப்பர் கிரீஸ் இல்லாமலே பல ஆண்டுகள் செய்யும். பாலியூரித்தேனும் இங்கே பொருந்தும், தவறில்லை. ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துக் கிரீஸ் வைக்க முடியாதவருக்கு அதனால் பயன் குறைவு. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புஷ் விழுங்காத அதிர்வு காணாமல் போய்விடாது. அடுத்த பாகத்துக்குப் போகும். அடுத்த பாகம் 1960-களில் வெல்டிங் செய்யப்பட்ட சேஸித் தாங்கி. துருவும் மயிரிழை வெடிப்பும் உள்ள தாங்கியில் கடினமான புஷ் போடுவது வெடிப்பை வளர்க்கும். பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்பட்டு, இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சில சுற்றுகள் ஓடி, வீடு திரும்பியதும் பிரித்துப் பார்க்கப்படும் காருக்குக் கணக்கு வேறு. அதற்குக் கடினமான புஷ் சரி.

பின் இழுகம்பியில் பாலியூரித்தேன் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. பின் சக்கரம் ஏறி இறங்கும்போது நேராக மேலும் கீழும் போவதில்லை. டிஃபரன்ஷியலை ஒட்டிய மூட்டை மையமாகக் கொண்டு வில் போல வளைந்து போகிறது. அப்போது சக்கரம் சாயும். அதைப் பிடித்திருக்கும் இழுகம்பியின் முனையும் சேர்ந்து சாயும். அங்கே உள்ள புஷ் சுழல்வதோடு, எல்லாப் பக்கமும் சாய்ந்தும் கொடுக்க வேண்டும். ரப்பர் கொடுக்கும். கடினமான பாலியூரித்தேன் கொடுக்காது. இழுகம்பியையும் அது பிடித்திருக்கும் தாங்கியையும் வளைக்கப் பார்க்கும். முழு செட்டாக வாங்கினால் விலை குறைவு என்பதற்காக எல்லா இடத்திலும் ஒரே பொருளைப் போடுவது இந்த இடத்தில்தான் மோசமாகத் தோற்கும்.

பட்டை ஸ்பிரிங் கண்ணில் ரப்பர். ஷாக் அப்சார்பர் கண்களில் எது போட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. எண்ணெய் கசியும் இடம் என்பதால் பாலியூரித்தேன் சற்று நீடிக்கும். ஸ்டியரிங் ரேக்கின் பிடிமானத்துக்குச் சிலர் அலுமினியக் கட்டை போடுகிறார்கள். ஸ்டியரிங் துல்லியமாகும், கிராமச் சாலையில் அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். டிரன்னியன் போல்ட்டுக்கும் பின் ஹப்புக்கும் நைலான். இவற்றை மாற்றும்போது உள்ளே இருக்கும் எஃகு ஸ்லீவையும், தூசி தடுக்கும் வாஷரையும் ரப்பர் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்லீவில் புது நைலானைப் போட்டால் ஆட்டம் போகாது.

பின் சக்கரம் மடங்கும் பிரச்சினை

ஹெரால்டையும் தொடக்ககால ஸ்பிட்ஃபயரையும் வேகமாக ஓட்டுபவர்கள் கடினமான புஷ் தேடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வளைவில் வேகமாக நுழைந்து, பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை அழுத்தினாலோ காரின் பின்பகுதி மேலெழும். அப்போது பின் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயர் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு சட்டென்று குறையும். கார் பின்பக்கமாகச் சுழலும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பின் அச்சு கொண்ட அமெரிக்கக் கார் ஷெவர்லே கோர்வேர். அதன் தொடக்ககால வடிவத்தை விமர்சித்து ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூல், அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குத் தூண்டுதலாக இருந்தது.

புஷ்ஷை மாற்றினால் இது தீராது. சக்கரம் மடங்குவது புஷ் நெளிவதால் நிகழ்வதன்று. அச்சு அமைக்கப்பட்ட வடிவத்திலேயே இருப்பது. டிரையம்ஃப் நிறுவனமே 1970-இல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் வடிவத்தில் பட்டை ஸ்பிரிங்கின் பெரும்பாலான தகடுகளை நடுவில் ஊசலாடும்படி விட்டுத்தான் இதைப் பெருமளவு குறைத்தது. எனவே ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஹெரால்டு உரிமையாளருக்குப் புது புஷ் தரும் பயன், கார் அவர் எதிர்பார்த்தபடி திரும்பும் என்பது மட்டுமே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஆக்சிலரேட்டரை நிதானமாக வைத்திருப்பது ஓட்டுநரின் வேலையாகவே இருக்கும். தளர்ந்த பட்டை ஸ்பிரிங் கண் புஷ்ஷும் தேய்ந்த பின் நைலான் புஷ்ஷும் இந்த மடங்கலை எந்த நொடியில் நிகழும் என்று கணிக்க முடியாதபடி ஆக்கும். அவற்றை மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம்.

வாங்கும்போது

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர்கள் பலர் இன்றும் காரை ஓட்டுவதால் இங்கிலாந்தில் இதன் புஷ்கள் புதிதாகவே தயாராகின்றன. ஹெரால்டின் முன் ஆர்ம் புஷ்களும் அவையே. புஷ் சிறியது, எடை குறைந்தது. அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்துதான் விலையை ஏற்றும். எனவே காரில் உள்ள எல்லாவற்றையும் கணக்கெடுத்து ஒரே முறை வரவழைப்பது சிக்கனம்.

சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் பழைய சரக்கு எப்போதாவது கிடைக்கும். 40 ஆண்டுக்கு முந்தைய பெட்டி, கம்பெனி முத்திரை, ‘ஒரிஜினல்’ என்ற பெருமை எல்லாம் இருக்கும். எஃகு பாகத்துக்கு அந்தப் பெருமை தகும். ரப்பருக்குத் தகாது. பெட்டிக்குள் தூங்கினாலும் ரப்பருக்கு வயது ஏறும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீளாதது, மேலே வெண்படலமும் நுண் வெடிப்பும் உள்ளது, எஃகுக் குழலிலிருந்து ஓரம் பிரிந்தது ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

கோவை, அம்பத்தூர் போன்ற தொழிற்பகுதிகளில் ரப்பர் வார்ப்புப் பட்டறைகள் மாதிரியைப் பார்த்துச் செய்து தருவதும் உண்டு. அங்கே கொடுக்க வேண்டிய அளவுகள் நான்கு: வெளிக்குழலின் வெளிவிட்டம், அதன் நீளம், உள்குழலின் உள்விட்டம், அதன் நீளம். மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெர்னியர் அளவியே போதும். உள்குழல் வெளிக்குழலைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை முடுக்கும்போது தாங்கி உள்குழலைப் பிடிக்கும். வெளிக்குழல் தாங்கியில் உரசாமல் திரும்பும். உள்ளே ரப்பர் எஃகோடு ஒட்டி வார்க்கப்பட வேண்டும், வெறுமனே திணிக்கப்படக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டாத ரப்பர் சில வாரங்களில் குழலுக்குள் சுழன்று பொடியாகும்.

ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவு கொண்டவை, மரையும் யு.என்.எஃப் எனப்படும் அங்குல மரை. 3/8 அங்குலம் என்பது 9.525 மி.மீ. பழைய போல்ட் துருப்பிடித்து வராமல் போனால், துளையைச் சற்றுத் துளைத்து 10 மி.மீ. போல்ட் போட்டுவிடலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். அதன் பிறகு எந்தப் புது புஷ்ஷும் அந்தத் துளையில் சரியாக உட்காராது.

பொருத்தும் முறை

பழைய புஷ்ஷை எடுக்க வெல்டிங் விளக்கால் ரப்பரை எரிப்பது பல இடங்களில் வழக்கம். புகை நஞ்சு, ஆர்மும் சூடேறி நெளியக்கூடும். ஒரு நல்ல வைஸ், ஒரு பெரிய சாக்கெட், ஒரு சிறிய சாக்கெட் இருந்தால் அழுத்தியே எடுத்துவிடலாம். லேத் பட்டறையின் பிரஸ்ஸில் இன்னும் எளிது. புதியதை உள்ளே தள்ள சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எண்ணெயோ ரப்பரில் படக் கூடாது.

முன் கீழ் ஆர்மின் தாங்கிக்கும் சேஸிக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் சில இருக்கும். பார்ப்பதற்கு யாரோ இடுக்கில் செருகிய தகரத் துண்டுகள் போலிருக்கும். சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பவை அவையே. பின் இழுகம்பியின் முன்முனைத் தாங்கியிலும் அப்படி உண்டு. அவை பின் சக்கரத்தின் திசையைத் தீர்மானிக்கின்றன. கழற்றும்போது எந்த இடத்தில் எத்தனை என்று எண்ணி, அந்தந்த போல்ட்டிலேயே கோர்த்து வைக்க வேண்டும். இவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு வீல் அலைன்மெண்ட் சரியாக வரவில்லை என்று புஷ்ஷைக் குறைகூறுவதில் பொருளில்லை.

அடுத்தது, நல்ல புஷ்களை மிக அதிகமாகக் கெடுக்கும் தவறு. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்மைப் பொருத்தி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுமையாக முடுக்கிவிடுவது. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆர்மின் நீளம் 300 மி.மீ. என்றும், கார் தரையில் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே 60 மி.மீ., கீழே 60 மி.மீ. போகும் என்றும் வைத்துக்கொள்வோம். 60-ஐ 300-ஆல் வகுத்தால் 0.2, அதற்கான கோணம் ஏறத்தாழ 11.5 பாகை. கார் நிற்கும் நிலையில் போல்ட்டை முடுக்கினால் ரப்பர் இரு பக்கமும் 11.5 பாகை முறுக்கும். நிற்கும்போது முறுக்கே இல்லை. தொங்கும் நிலையில் முடுக்கினால், காரைத் தரையில் இறக்கிய உடனேயே 11.5 பாகை முறுக்கு ஏறிவிடும். இரவெல்லாம் ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருக்கும். பள்ளத்தில் சக்கரம் மேலேறினால் 23 பாகை. ரப்பர் கிழிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ‘புது புஷ் ஆறு மாதம்கூட வரவில்லை, டூப்ளிகேட்’ என்று சொல்லப்படுபவற்றில் பல இப்படிக் கிழிந்தவை.

எனவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்து, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, நான்கு மூலையிலும் அழுத்தி விட்டபின் முடுக்க வேண்டும். அடியில் புகக் குழி இல்லாத பட்டறையில் நான்கு சக்கரங்களையும் சம உயரமுள்ள பலகைகளில் ஏற்றி நிறுத்திச் செய்யலாம். வழுக்கும் வகையான பாலியூரித்தேனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நியாயமாகச் சொன்னால் அதன் பெரிய வசதி இதுதான்.

முன் ஆர்மைப் பிரிக்க சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும். அழுத்தப்பட்ட அந்த ஸ்பிரிங் கைகால்களை முறிக்கும் அளவு விசையைத் தேக்கி வைத்திருக்கும். உரிய ஸ்பிரிங் கருவி இல்லாமல் அதன் மேல் நட்டைத் தொடக் கூடாது. காரைச் செங்கல் அடுக்கி நிறுத்துவதும் கூடாது. அழுத்தம் ஒரு முனையில் விழுந்தால் செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

டிரன்னியன்

புஷ் மாற்றும் வேலையின்போது பிரிபடும் பாகங்களில் உயிரோடு தொடர்புடையது டிரன்னியன். ஆர்ம் புஷ் முற்றிலும் தேய்ந்தாலும் கார் தட்டிக்கொண்டே வீடு வந்து சேரும். டிரன்னியனுக்குள் திருகி நிற்கும் எஃகுத் தண்டு உடைந்தால் முன் சக்கரம் அடியில் மடிந்து கார் மூக்கால் தரையில் விழும். உடைவது பெரும்பாலும் மரைப் பகுதியில். எண்ணெய் வறண்ட மரையில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கிறது. துருக்குழியிலிருந்து வெடிப்பு தொடங்குகிறது. மரை இறுகியபின் ஸ்டியரிங்கின் ஒவ்வொரு திருப்பமும் தண்டை முறுக்குகிறது.

எனவே புஷ்ஷுக்காகப் பிரித்தபோதே தண்டை டிரன்னியனிலிருந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது முறை. குழி விழுந்திருந்தால் தண்டை மாற்ற வேண்டும். வெல்டிங் செய்து மரை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை கொண்டவை. டிரன்னியன்களைக் கலந்துவிடாமல் வைக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது மரையைக் கடைசிவரை திருகி, அதன்பின் ஸ்டியரிங் இரு பக்கமும் முழுமையாகத் திரும்பும் அளவுக்குப் பின்னோக்கிக் கழற்றி விட வேண்டும்.

டிரன்னியனுக்குள் செல்ல வேண்டியது கியர்பாக்ஸில் ஊற்றும் ஈ.பி. 90 வகை ஆயில். அதில் உள்ள துளையைக் கண்டதும் கிரீஸ் கன்னை எடுத்து கிரீஸ் அடிப்பது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். மரையின் அடிவரை போகாது. ஏற்கெனவே கிரீஸ் அடித்த காராக இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யாமல் மேலே ஆயில் விடுவதால் பயனில்லை. கிரீஸ் கன் ஒன்றைக் காலிசெய்து, அதில் ஆயிலை நிரப்பி இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால், சீலின் ஓரத்தில் புது எண்ணெய் கசியும்வரை அடிக்கலாம். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் குறைவாக ஓடும் காருக்குப் போதும்.

பதிவு குறித்து

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; சான்று 10 ஆண்டுகள் செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். இப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. சேஸியிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்ட கார் இந்தத் தகுதியைப் பெறாது. புஷ் மாற்றுவது வழக்கமான பராமரிப்பு. ஆனால் ஹெரால்டின் முன்புறத்தை வெட்டி வேறு காரின் சஸ்பென்ஷனை வெல்டிங் செய்து பொருத்தினால் அது சேஸி மாற்றமாகிவிடும். உதிரிபாகம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சில கார்களுக்கு இது செய்யப்படுகிறது; எட்டு முன் புஷ்களும், நான்கு இழுகம்பி புஷ்களும், இரண்டு ஸ்பிரிங் கண் புஷ்களும், டிரன்னியனுக்கான நைலான் செட்டும் ஒரே பார்சலில் வந்து சேரக்கூடியவை.